நினைவிழந்த நோயாளியும் செவிலியரின் அறிவும்: எதை அளக்கிறோம்?

நர்சிங் முதுகலை மாணவர்கள் ஆய்வுக்குத் தலைப்புத் தேடும்போது மறுபடி மறுபடி எடுக்கும் தலைப்புகளில் ஒன்று, நினைவிழந்த நோயாளியைப் பராமரிப்பது பற்றிச் செவிலியர்களுக்கு எவ்வளவு தெரியும் என்பது. நம் நர்சிங் கல்லூரி நூலகங்களில் இப்படிப்பட்ட ஆய்வேடுகள் வரிசையாக நிற்கின்றன; எகிப்து, ஈராக், சூடான் போன்ற நாடுகளிலிருந்தும் இதே பொருளில் கட்டுரைகள் வந்திருக்கின்றன. நாடு எதுவானாலும் அச்சு ஒன்றுதான். ஒரு மருத்துவமனையில் சில டஜன் செவிலியர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். கொள்குறி வினாத்தாள் ஒன்றைக் கொடுப்பார்கள். கிடைத்த மதிப்பெண்ணைப் ‘போதுமான அறிவு’, ‘ஓரளவு போதுமான அறிவு’, ‘போதாத அறிவு’ என்று மூன்றாகப் பிரிப்பார்கள். பெரும்பாலும் நடுவில்தான் கூட்டம் இருக்கும். சிலர் அதோடு நிறுத்தாமல் ஒரு வகுப்பும் எடுத்து, சில நாள் கழித்து அதே வினாத்தாளைத் திரும்பக் கொடுப்பார்கள், மதிப்பெண் கூடியிருக்கும். பணியிடைப் பயிற்சி அவசியம் என்ற பரிந்துரையுடன் ஆய்வேடு முடியும். இவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இத்தனை ஆய்வுகளுக்குப் பிறகும், கட்டிலில் கிடந்த அந்த நோயாளிக்கு என்ன ஆயிற்று என்பது மட்டும் நமக்குத் தெரிவதில்லை. என் வாதம் இதுதான்: இந்த விஷயத்தில் செவிலியரின் அறிவைக் கேள்வித்தாளில் அளப்பது போதாது, நோயாளியின் உடம்பில் அளக்க வேண்டும். அப்படி அளக்கத் தொடங்கினால், அந்த அறிவில் பெரும்பகுதி தனி ஒருவரின் தலைக்குள் இல்லை, வார்டு நடக்கும் முறைக்குள் இருக்கிறது என்பதும் தெரியவரும்.

மற்ற நோயாளிகளுக்கு வாய் இருக்கிறது. முதுகு வலித்தால் ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுவார்கள், தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்பார்கள், ஊசி போட்ட இடம் வீங்கினால் கையை நீட்டிக் காட்டுவார்கள். பிழை நேர்ந்தாலும் அதைத் திருத்திக்கொள்ள நோயாளியே ஒரு வாய்ப்புத் தருகிறார். நினைவிழந்தவரிடம் அந்த வாய்ப்பு இல்லை. அதைவிட முக்கியமாக, உடம்பு தன்னைத்தானே காத்துக்கொள்ளும் சின்னச் சின்ன வேலைகள் எல்லாம் அவரிடம் நின்றுபோகின்றன. தூக்கத்தில் நாம் அறியாமலே புரண்டு படுக்கிறோம், அவர் புரள்வதில்லை. எச்சில் தவறான பாதையில் போனால் நாம் இருமுகிறோம். அவருக்கு இருமல் வராது, வந்தாலும் வலுவிருக்காது. நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைக்கலாம். இமை முழுதாக மூடாமல் கருவிழி காயலாம். நின்றுபோன ஒவ்வொரு வேலைக்கும் பதிலாக ஒரு செவிலியரின் கையும் கண்ணும் வேலை செய்தாக வேண்டும். தலைக்காயம், பக்கவாதம், மூளைக்காய்ச்சல், விஷம், சர்க்கரை திடீரென இறங்கிப்போவது என்று காரணங்கள் பல. 2022இல் மட்டும் 64,105 சாலை விபத்துகளைப் பதிவுசெய்து, எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாநிலம் தமிழ்நாடு. இங்கே தலைக்காய வார்டுகள் காலியாக இருக்கும் காலம் என்று ஒன்று கிடையாது. எனவே இந்தத் தலைப்பு அலுத்துப்போனது என்று ஒதுக்கக்கூடியது அல்ல. இதைச் சரியாகக் கேட்பது எப்படி என்பதுதான் கேள்வி.

வினாத்தாள் மதிப்பெண்ணுக்கும் கட்டிலருகே நடக்கும் வேலைக்கும் என்ன உறவு? இதை நேராகச் சோதித்த ஆய்வு ஒன்று பெல்ஜியத்திலிருந்து 2011இல் வெளிவந்தது. பொருள் படுக்கைப் புண் தடுப்பு. 14 மருத்துவமனைகள், 94 வார்டுகள், 553 செவிலியர்கள். ஆய்வாளர்கள் செவிலியர்களுக்குக் கேள்வித்தாள் கொடுத்ததோடு நிற்காமல், அதே வார்டுகளில் புண் வரும் அபாயத்தில் இருந்த நோயாளிகளுக்கு என்ன தடுப்பு நடக்கிறது என்பதையும் நேரில் பார்த்துக் குறித்தார்கள். அறிவுத் தேர்வில் சராசரி மதிப்பெண் பாதியைத் தொடவில்லை. அபாயத்தில் இருந்த நோயாளிகளில் முழுமையான தடுப்புக் கிடைத்தவர்கள் 13.9 சதவீதம், அதாவது ஏழில் ஒருவருக்கும் குறைவு. யோசிக்க வைப்பது அடுத்த முடிவு: அதிக மதிப்பெண் வாங்கிய செவிலியர்கள் இருந்த வார்டில் நோயாளிகளுக்கு நல்ல தடுப்பு கிடைத்தது என்று சொல்லும்படி எந்தத் தொடர்பும் தென்படவில்லை. தொடர்பு தெரிந்தது மனப்பான்மையோடுதான். புண்ணைத் தடுக்க முடியும், தடுப்பது என் வேலை என்று நம்பிய இடங்களில் தடுப்பும் நடந்தது. பெல்ஜியத்தின் ஆள்பலமும் மெத்தைகளும் நம்மிடம் இல்லை என்பது உண்மை. ஆனால் வசதி உள்ள இடத்திலேயே தேர்வு மதிப்பெண் நோயாளியிடம் போய்ச் சேரவில்லை என்றால், வசதி குறைந்த இடத்தில் அது தானாகச் சேர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க என்ன காரணம் இருக்கிறது? அறிவே வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. தெரியாதவர் செய்ய முடியாது. தெரிந்தவரெல்லாம் செய்துவிடுவதும் இல்லை. நம் ஆய்வேடுகள் முதல் பாதியை மட்டும் அளந்துவிட்டு இரண்டாம் பாதியை ஊகித்துக்கொள்கின்றன.

அறிவு என்று ஒரே சொல்லால் குறிப்பதிலும் சிக்கல் உண்டு. மனப்பாடமாக இருக்கும் அறிவு வேறு, கணித்துச் சொல்லும் அறிவு வேறு. இந்த வேறுபாட்டைக் காட்ட கிளாஸ்கோ கோமா அளவுகோலை விடச் சரியான உதாரணம் இல்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னெட்டும் 1974இல் வெளியிட்ட இந்த முறை, வார்டு மொழியில் ‘ஜி.சி.எஸ்.’, இன்று உலகம் முழுவதும் புழங்குகிறது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, மொத்தம் 15. மிகக் குறைந்த மதிப்பெண் 3. எட்டு அல்லது அதற்குக் கீழே போனால் கோமா. இதைக் கேள்வித்தாளில் கேட்டால் அநேகமாக எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள். ஆனால் உண்மையான நோயாளியின் முன்னால் நிற்கும்போது, அசைவு மதிப்பெண்ணில் 3க்கும் 4க்கும் 5க்கும் இடையே முடிவெடுப்பதில்தான் சிரமம். விரல் நகத்தை அழுத்தும்போது கை வெடுக்கென்று விலகுகிறதா, அல்லது முழங்கை மெதுவாக மடங்கி மணிக்கட்டு உள்நோக்கி வளைகிறதா? முன்னது 4, பின்னது 3. கழுத்தடித் தசையைக் கிள்ளும்போது கை காறை எலும்புக்கு மேல் எழும்பி, கிள்ளும் இடத்தைத் தேடி வருகிறதா? அப்படியானால் 5. நகத்தை மட்டும் அழுத்திப் பார்ப்பவருக்கு இந்த 5 தெரியவே தெரியாது. காலையில் 5 ஆக இருந்தது மதியம் 3 ஆகிவிட்டால் மூளைக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கலாம். அதைக் கண்டுபிடித்து டாக்டரைக் கூப்பிட வேண்டிய நேரம் மணிக்கணக்கில் இருப்பதில்லை. 1991இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வு, அனுபவமுள்ளவர்கள் இந்த அளவுகோலை நம்பகமாகப் பயன்படுத்துவதையும், அனுபவமில்லாதவர்கள் தொடர்ந்து தவறு செய்வதையும் காட்டியது. தவறுகள் மிகுந்திருந்தது இடைப்பட்ட மதிப்பெண்களில். முழு நினைவோடு இருப்பவரையும் எதற்கும் அசையாதவரையும் யாரும் அடையாளம் கண்டுவிடலாம். நிலை மோசமாகிறதா தேறுகிறதா என்று தெரிய வேண்டிய நடுப்பகுதியில்தான் பிழையும் குவிகிறது.

இந்த அளவுகோலில் இன்னும் சில நுணுக்கங்கள் உண்டு. எந்த ஆய்வேட்டின் வினாத்தாளிலும் இவை இடம்பெற வேண்டியவை. தொண்டைக்குள் குழாய் போட்ட நோயாளிக்குப் பேச்சு மதிப்பெண் 1 என்று போடுவது தவறு. சோதிக்க இயலவில்லை என்றுதான் எழுத வேண்டும். மொத்த எண்ணை மட்டும் எழுதுவதும் போதாது, ஏனென்றால் ஒரே 9 இருவேறு நோயாளிகளில் முற்றிலும் வேறான நிலையைக் குறிக்கலாம். மார்பெலும்பில் முட்டியை வைத்துத் தேய்ப்பது இன்னும் பல இடங்களில் பழக்கம். முறையை உருவாக்கியவர்களின் வழிவந்த வழிகாட்டல் அதை ஏற்பதில்லை. 2014இல் திருத்தப்பட்ட அந்த வழிகாட்டல் வலி என்ற சொல்லையே விலக்கி அழுத்தம் என்று மாற்றியது. நம் ஊருக்கே உரிய ஒன்றும் இருக்கிறது. திருப்பூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளி ஒருவர் தலைக்காயத்தோடு வருகிறார். ‘கையைத் தூக்குங்க’ என்று தமிழில் சொன்னால் அவர் தூக்கவில்லை. சொன்னது புரியாததால் தூக்கவில்லையா, மூளை கேட்கவில்லையா? செவிலியர் சைகையால் காட்டிப் பார்த்தாரா, உடன் வந்தவரை விட்டு அவர் மொழியில் சொல்லச் சொன்னாரா என்பதைப் பொறுத்து மதிப்பெண் மாறிவிடும். புத்தகத்தில் மனப்பாடம் செய்த அட்டவணை இந்த இடத்தில் உதவாது.

இனி தோலைப் பார்ப்போம். செவிலியரின் அறிவு எப்படிக் காலாவதியாகிறது என்பது இங்கேதான் நன்றாகத் தெரிகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்த விதி. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயம்பட்ட போர்வீரர்களுக்கான பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், இரவு பகல் பாராமல் இப்படித் திருப்ப வைத்துத்தான் புண்ணாலேயே செத்துக்கொண்டிருந்தவர்களைப் பிழைக்க வைத்தார். 2013இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 942 பேரை வைத்து நடந்த சோதனையில், இரண்டு மணி, மூன்று மணி, நான்கு மணி என்று எந்த இடைவெளியில் திருப்பினாலும் புண் வரும் விகிதத்தில் வேறுபாடு இல்லை. அப்படியானால் நாமும் நான்கு மணிக்கு மாறிவிடலாமா? மாற முடியாது. அங்கே எல்லோரும் படுத்திருந்தது அடர்த்தி மிகுந்த நல்ல ஃபோம் மெத்தை. நம் பொது வார்டில் ரெக்சின் உறை போட்ட, நடுவில் குழிவிழுந்த மெத்தை. அங்கே ஆய்வுக்கு எடுத்தவர்கள் முதியவர்கள். இங்கே நாம் பேசுவது துளியும் அசையாத, ரத்த அழுத்தம் தாழ்ந்த, காய்ச்சல் அடிக்கும் நோயாளியைப் பற்றி. இந்த வேறுபாட்டை எடைபோட்டு, இந்த நோயாளிக்கு, இந்த மெத்தையில், எத்தனை மணிக்கு ஒருமுறை என்று முடிவு செய்வதுதான் அறிவு. வினாத்தாளில் ‘இரண்டு மணி’ என்ற கட்டத்தில் டிக் போடுவது அதன் தொடக்கம் மட்டுமே.

மறக்க வேண்டியவற்றின் பட்டியலும் நீளமானது. முதுகில் ஸ்பிரிட் தடவிப் பவுடர் போட்டு அழுத்தித் தேய்த்து விடுவதைப் பழைய நர்சிங் பாடநூல்கள் முதுகுப் பராமரிப்பு என்றே கற்பித்தன. எலும்பு புடைத்த இடங்களைத் தேய்த்தால் உள்ளே நைந்துகொண்டிருக்கும் திசு மேலும் கெடும் என்பதால் இப்போது அது கூடாது. கையுறையில் தண்ணீர் நிரப்பி முடிச்சுப் போட்டுக் குதிகாலுக்கு அடியில் வைப்பது நம் வார்டுகளில் அன்போடு செய்யப்படும் வேலை. சர்வதேச வழிகாட்டல்கள் அதையும், நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணையையும் வேண்டாம் என்கின்றன. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துக் குதிகால் எதிலும் படாமல் மிதக்கும்படி விடுவதே சரி. எனக்கு மிக முக்கியமாகப் படுவது நிறம் பற்றியது. விரலால் அழுத்தினாலும் மறையாத சிவப்புதான் படுக்கைப் புண்ணின் முதல் அறிகுறி என்று பாடம் சொல்கிறது. வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதிய வரி அது. கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. அங்கே தேட வேண்டியது சுற்றுப்புறத்தைவிட இறுகியோ குழைந்தோ இருக்கும் தசை, தொட்டால் தெரியும் சூடு அல்லது குளிர்ச்சி, பக்கத்துத் தோலிலிருந்து மாறுபட்ட ஊதா அல்லது கருமை. நம் நோயாளிகளில் பெரும்பாலோர் கறுத்தவர்கள். செவிலியர் விளக்கைக் கிட்டப் பிடித்துப் பார்க்கவும் புறங்கையால் தொட்டுப் பார்க்கவும் பயிலாவிட்டால், முதல் நிலைப் புண் என்ற ஒன்றை அவர் பார்க்கவே மாட்டார். அவர் கண்ணில் படும்போது தோல் கிழிந்திருக்கும். முடிக்குள் மறைந்து கிடக்கும் பின்தலைப் புண்ணுக்கும் இதே கதிதான்.

கண், வாய், குழாய் ஆகிய மூன்றையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், நடைமுறையில் அவற்றுக்குக் கிடைப்பதும் சுருக்கமான கவனம்தான் என்றாலும். இமை சரியாக மூடாத நோயாளியின் கருவிழி சில நாட்களிலேயே காய்ந்து புண்ணாகலாம்; தலைக்காயத்திலிருந்து பிழைத்து எழுந்தவர் பார்வையை இழந்து வீடு திரும்புவது கொடுமை. ஈரம் காக்கும் களிம்பும், கண்ணை மூடிப் பொருத்தும் மெல்லிய பாலித்தீன் உறையுமே போதும். விலை மிகக் குறைவு. தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி வைப்பதற்கும் செலவே இல்லை. வெண்டிலேட்டரில் இருந்த 86 பேரை வைத்து பார்சிலோனாவில் நடந்து 1999இல் வெளியான சோதனையில், மல்லாந்து கிடந்த 47 பேரில் 16 பேருக்கு நிமோனியா இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. தலை உயர்த்தப்பட்ட 39 பேரில் அது மூன்று பேருக்குத்தான். வாய்ச் சுத்தத்தில் குளோர்ஹெக்சிடின் மருந்தே கதி என்று இருந்த காலம் போய், 2022இல் அமெரிக்கத் தொற்றுத் தடுப்புச் சங்கங்கள் பல் துலக்குவதை வலியுறுத்தி அந்த மருந்தைக் கைவிடச் சொல்லிவிட்டன. ரைல்ஸ் டியூப் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்க்க, காற்றைச் செலுத்தி ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்கும் பழக்கத்தை நம்ப வேண்டாம் என்று பிரிட்டனின் நோயாளி பாதுகாப்பு முகமை 2005லேயே எச்சரித்தது. குழாய் நுரையீரலுக்குப் போயிருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். உறிஞ்சி எடுத்த திரவத்தின் அமிலத் தன்மையைத் தாளில் சோதிப்பதே வழி. அந்தத் தாள் எத்தனை வார்டு அலமாரிகளில் இருக்கிறது? தாளே இல்லாத வார்டில் வேலை செய்யும் செவிலியரிடம் அதைப் பற்றி வினா கேட்டு, அவருக்கு அறிவு போதாது என்று முடிவு எழுதுவது அநியாயம்.

கேட்காதவரிடம் என்ன பேச்சு என்று நினைப்பவர்கள் உண்டு. நேரமில்லாத இடத்தில் நோயாளியிடம் பெயர் சொல்லிப் பேசு, செய்யப்போவதை முன்கூட்டிச் சொல் என்பதெல்லாம் பாடநூல் அலங்காரம் என்பது அவர்கள் கட்சி. கடந்த முப்பது ஆண்டு ஆராய்ச்சி இதை முழுதாகத் தலைகீழாக்கிவிட்டது. லண்டனில் ஒரு நரம்பியல் மறுவாழ்வு மருத்துவமனையில், உணர்வே இல்லை என்று முடிவுகட்டி அனுப்பப்பட்ட 40 பேரைப் பொறுமையாகச் சோதித்தபோது 17 பேருக்கு உணர்வு இருந்தது. 1996இல் வெளியான முடிவு இது. 2006இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர், விபத்துக்குப் பிறகு எந்தக் கட்டளைக்கும் அசையாதிருந்த 23 வயதுப் பெண்ணிடம் டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது, ஆரோக்கியமானவர்களின் மூளையில் எந்தப் பகுதி இயங்குமோ அதே பகுதி அவர் மூளையிலும் இயங்கியதை ஸ்கேனில் கண்டார்கள். 2024இல் பல நாட்டு மையங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கட்டளைக்கு வெளிப்படையாக எந்த அசைவும் காட்டாத 241 பேரில் 60 பேரின் மூளை கட்டளையை ஏற்றுச் செயல்பட்டது. நான்கில் ஒருவர். இவர்களில் யார் அந்த நான்காமவர் என்பதை வார்டில் நிற்கும் செவிலியரால் சொல்ல முடியாது. ஆகவே எல்லோரிடமும் பேசியாக வேண்டும். ‘ஐயா, இப்போ வாயைச் சுத்தம் பண்ணப் போறேன்’ என்று சொல்வதற்கு ஆகும் நேரம் சில நொடிகள். கட்டிலருகே நின்று ‘இனி பிழைக்க மாட்டார்’ என்று உறவினரிடம் சொல்லாமல் இருப்பதும் இந்த அறிவின் பகுதி.

இவ்வளவுக்கும் வலுவான மறுப்பு ஒன்று வரும்: அறிவும் வேண்டாம், அளவையும் வேண்டாம், முதலில் ஆள் போடுங்கள். இதில் பெருமளவு நியாயம் உண்டு. லிண்டா ஐக்கன் தலைமையில் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது அறுவைச் சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி ஐ.சி.யு.வில் கட்டிலுக்கு ஒருவர், போதனா மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒருவர் என்கிறது; அரசு மருத்துவமனைப் பொது வார்டுக்குள் நைட் டியூட்டி நேரத்தில் போய்ப் பார்த்தவர் யாரும் அந்த விதி அங்கே நடப்பதாகச் சொல்ல மாட்டார்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வு எழுதித் தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர்கள் நிரந்தரப் பணி கேட்டுத் தெருவில் உட்கார்ந்த காட்சிகளைத் தமிழ்நாடு பலமுறை பார்த்திருக்கிறது. ஆள் வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதே ஐக்கன் ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு: பட்டம் பெற்ற செவிலியர்களின் பங்கு 10 சதவீதம் கூடும்போது மரண வாய்ப்பு 7 சதவீதம் குறைந்தது. எண்ணிக்கையும் படிப்பும் ஒன்றுக்கொன்று போட்டி இல்லை. ஆள் குறைந்த வார்டில்தான் எதை முதலில் செய்வது, எதை ஒத்திப்போடலாம் என்ற கணிப்பு இன்னும் அதிகம் தேவை.

வேறொரு சான்றும் இருக்கிறது, இந்தியாவுக்குள்ளேயே. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் அங்கேயே தாக்கப்பட்டு நினைவு திரும்பாத நிலைக்குப் போனார். 2015 மே மாதம் நிமோனியாவில் இறக்கும்வரை, 41 ஆண்டுகளுக்கு மேல், அதே மருத்துவமனைச் செவிலியர்கள் தலைமுறை தலைமுறையாக அவரைப் பார்த்துக்கொண்டார்கள். கருணைக்கொலை வழக்கில் அவருக்குப் படுக்கைப் புண் வந்ததில்லை என்று மருத்துவமனை உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. 2011 தீர்ப்பு அந்தச் செவிலியர்களை மனமாரப் பாராட்டியது. அவர் தங்களில் ஒருவர் என்ற பாசம் அதற்குக் காரணம் என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் பாசம் மட்டும் புண்ணைத் தடுக்காது. முதல் ஆண்டில் அவரைக் கவனித்தவர்கள் ஓய்வுபெற்ற பிறகும் பராமரிப்பு தொடர்ந்தது என்றால், அந்த அறிவு யாரோ ஒருவரோடு வீட்டுக்குப் போகவில்லை, வார்டிலேயே தங்கியிருந்தது என்று பொருள். நான் தேடுவது அதைத்தான். மாநகராட்சி மருத்துவமனை ஒன்று ஒருவருக்குச் செய்து காட்டியதை எல்லா நோயாளிக்கும் செய்யச் சொல்வது கடினம். முடியாதது என்று இனி சொல்ல முடியாது.

நம் ஊரில் திருப்பிப் போடுவதும் துடைப்பதும் குழாயில் கஞ்சி ஊற்றுவதும் உறவினர்கள்தானே, செவிலியரின் அறிவை மட்டும் ஏன் குறைசொல்ல வேண்டும் என்பது அடுத்த கேள்வி. நடைமுறை அதுதான். அரசு வார்டில் நோயாளியின் மனைவியோ மகனோ தரையில் பாய் விரித்துப் படுத்திருந்து பாதி நர்சிங் வேலையைச் செய்கிறார்கள். அதனால் செவிலியரிடம் எதிர்பார்க்கும் அறிவு குறையவில்லை, கூடுகிறது: தான் செய்யத் தெரிந்தால் போதாது, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்கத் தெரிய வேண்டும். மல்லாந்து கிடப்பவருக்குக் குழாயில் பால் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகலாம், ஊற்றிய பிறகும் அரைமணி நேரமாவது தலையை உயர்த்தியே வைத்திருக்க வேண்டும், வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. இந்த மூன்றையும் அந்த மனைவி செய்து காட்டும்வரை கற்பித்தது யார் வேலை? டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போன பிறகு மாதக்கணக்கில் பார்க்கப்போவதும் அவர்தான். எனக்குத் தெரிந்தவரை நம் வினாத்தாள் ஆய்வுகளில் இந்தக் கற்பிக்கும் திறனுக்கு அநேகமாக இடமே இல்லை.

கடைசி மறுப்பைச் செவிலியர்களே எழுப்புவார்கள், அதுவும் சரியான அச்சத்தால். புண்ணை எண்ணத் தொடங்கினால் மெமோ எங்களுக்குத்தான் வரும். அப்புறம் யாரும் புண்ணைக் கேஸ் ஷீட்டில் எழுத மாட்டார்கள். தண்டனைக்காக எண்ணினால் அப்படித்தான் ஆகும். 2006இல் பீட்டர் புரோனோவோஸ்ட் குழுவினர் வெளியிட்ட மிச்சிகன் ஐ.சி.யு. அனுபவம் வேறு வழியைக் காட்டுகிறது. ரத்தக்குழாயில் பெரிய குழாய் செருகும்போது செய்ய வேண்டியவற்றைச் சின்னப் பட்டியலாக்கினார்கள். டாக்டர் ஒரு படியை விட்டால் நிறுத்தும் அதிகாரத்தைச் செவிலியருக்குக் கொடுத்தார்கள். தொற்று எண்ணிக்கையை மாதாமாதம் வார்டுக்கே திருப்பிக் காட்டினார்கள். தொற்று விகிதத்தின் இடைநிலை அளவு 1,000 குழாய் நாளுக்கு 2.7 ஆக இருந்தது, மூன்றே மாதத்தில் பூஜ்யத்துக்கு இறங்கியது. பதினெட்டு மாதத்துக்குப் பிறகும் அப்படியே நின்றது. பட்டியலில் இருந்தவை யாருக்கும் புதிதல்ல. தெரிந்ததைச் செய்ய வைக்கும் ஏற்பாடும், செய்யாவிட்டால் கேட்கும் உரிமையும், பலனைப் பார்க்கும் வாய்ப்பும்தான் புதிது. நம் வார்டுகளில் ரவுண்ட்ஸ் நேரத்தில் ‘டாக்டர், இவருக்கு அசைவு 5லிருந்து 4க்கு இறங்கியிருக்கு’ என்று ஸ்டாஃப் நர்ஸ் சொன்னால் அதற்கு மதிப்புக் கிடைக்கிறதா? கிடைக்காத இடத்தில் அளந்து எழுதுவது வெறும் எழுத்து வேலையாகிவிடும், விரைவில் நேற்றைய எண்ணே இன்றும் எழுதப்படும். அது செவிலியரின் அறியாமை என்று நம் ஆய்வுகள் பதிவுசெய்யும். அறிவுக்கு அங்கே வேலை கொடுக்கப்படவில்லை என்பதே உண்மை.

ஆகவே நர்சிங் கல்லூரிகளில் ஆய்வு வழிகாட்டிகளாக இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கல்வியாண்டில் யாராவது ஒரு மாணவர் இந்தத் தலைப்போடு வருவார், வரட்டும், தடுக்காதீர்கள். வினாத்தாளையும் அவர் கொடுக்கட்டும். அதோடு, அந்த வார்டில் ஒரு மாதம் நினைவிழந்து கிடக்கும் ஒவ்வொரு நோயாளியின் பின்தலையையும் இடுப்பெலும்பையும் குதிகாலையும் கருவிழியையும் அனுமதியான நாளிலும் பிறகு வாரம் இருமுறையும் பார்த்து எழுத அவருக்கு அனுமதி வாங்கிக் கொடுங்கள். ஒரே நோயாளிக்கு இரண்டு செவிலியர்கள் தனித்தனியாகப் போடும் ஜி.சி.எஸ். எத்தனை முறை ஒத்துப்போகிறது என்று ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரு ஷிஃப்டில் ஒருவர் கையில் எத்தனை நோயாளிகள், அலமாரியில் அமிலச் சோதனைத் தாள் இருக்கிறதா, மெத்தை எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் அதே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். யார் பெயரும் வேண்டாம். முடிவைக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புமுன் அந்த வார்டுச் செவிலியர்களிடம் காட்டுங்கள். மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் மேசையிலும் ஒரு பிரதி வையுங்கள்.